கல்லில் ஏறாத பெயர்கள்

பினாங்குத் தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், பாடாங் கோத்தா கடற்கரைத் திடலின் ஓரத்தில் ஓர் உயரமான நினைவுத்தூண் நிற்கிறது. மாலை வேளையில் அங்கே காற்று வாங்க வருவோர் பலர். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள்; பெரியவர்கள் கடலைப் பார்த்தபடி நடப்பார்கள். தூணைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொள்வோரும் உண்டு. ஆனால், அதன்மேல் பொறிக்கப்பட்டுள்ள எழுத்துகளை நின்று படிப்போர் சிலரே.

முதல் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக 1929ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட தூண் அது. பின்னாளில் வேறு பல போர்களின் பெயர்களும் அதனோடு சேர்ந்தன. இரண்டாம் உலகப் போர், மலாயா அவசரகாலம், இந்தோனேசிய மோதல் ஆகியவற்றின் வரிசையில் இன்னொரு பெயரும் இருக்கிறது. அது சயாம்–பர்மா மரண இரயில்.

மற்றவை எல்லாம் போர்களின் பெயர்கள். இது மட்டும் ஓர் இருப்புப்பாதையின் பெயர். போரிட்டவர்களுக்கான தூணில், பாதை போட்டவர்களின் நினைவும் ஏன் இடம்பெற்றது? அவர்கள் யார்? எங்கிருந்து சென்றார்கள்? அவர்களுடைய பெயர்கள் எங்கே? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், மலாயாத் தோட்டங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களின் கதை வெளிப்படும்.

படகில் வந்த போர்

மலாயாவுக்குப் போர் படகில்தான் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், கிளந்தான் மாநிலத்தின் கோத்தா பாரு கடற்கரையை நோக்கி ஜப்பானியப் படைகள் சிறு படகுகளில் விரைந்து வந்தன. ‘டைஹாட்சு’ எனப்பட்ட அந்தப் படகுகளின் முன்பக்கம் கதவைப்போலக் கீழே சாய்ந்து திறக்கும். படகு மணலைத் தொட்டதும் கதவு விழும். வீரர்கள் அதன் வழியாகக் கரையில் பாய்வார்கள். மூன்று நாள் கழித்து ஜார்ஜ்டவுன் நகரின்மீது குண்டுகள் விழுந்தன. டிசம்பர் 19ஆம் நாள் பினாங்கு ஜப்பானியர் வசமானது.

இதே போன்ற படகுகளை அமெரிக்காவும் கட்டியது. லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் என்னும் படகுத் தொழில் அதிபர் இருந்தார். சதுப்பு நிலங்களில் தரைதட்டாமல் ஓடக்கூடிய படகுகளை அவர் கட்டி வந்தார். அவற்றின் வடிவத்தோடு, ஜப்பானியப் படகில் கண்ட சாய்கதவையும் சேர்த்தபோது, புகழ்பெற்ற தரையிறங்கு படகு உருவானது. அதன் நீளம் 36 அடி. பெரும்பகுதி ஒட்டுப்பலகையால் ஆனது. ஏறத்தாழ 36 வீரர்களை அது சுமந்து செல்லும். 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்குவதற்கு இப்படகுகள் பெரிதும் கைகொடுத்தன.

ஹிக்கின்சின் பட்டறைகளில் 1938ஆம் ஆண்டில் நூறு பேர்கூட இல்லை. 1943ஆம் ஆண்டுக்குள் 20,000க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். ஆண்கள், பெண்கள், வெள்ளையர், கறுப்பினத்தவர், முதியோர், உடற்குறை உள்ளோர் என அனைவரும் அங்கே சேர்ந்து உழைத்தனர். செய்யும் வேலைக்கு ஏற்ப அனைவருக்கும் ஒரே அளவு கூலி வழங்கப்பட்டது. இன அடிப்படையில் மக்களைப் பிரித்து வைத்திருந்த அந்நகரில், அக்காலத்தில் இது அரிய செயல். 2000ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அந்த நகரிலேயே ஒரு பெரிய போர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. படகில் சென்று போரிட்டவர்களோடு, படகைக் கட்டியவர்களும் அங்கே நினைக்கப்படுகிறார்கள்.

அதே போர்க்காலத்தில், உலகின் இன்னொரு மூலையில், வேறொரு கட்டுமானம் நடந்தது. அதைக் கட்டியவர்களுக்கு நேர்ந்ததோ முற்றிலும் வேறு.

எதற்காக ஓர் இருப்புப்பாதை?

1942ஆம் ஆண்டின் நடுவில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியிருந்தனர். அங்கே இருந்த படைகளுக்கு உணவும் ஆயுதமும் அனுப்ப வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மலாக்கா நீரிணை வழியாக இரங்கூனுக்குக் கப்பல் விடலாம். ஆனால், அந்தக் கடல்வழியில் நேசநாடுகளின் நீர்மூழ்கிக் கப்பல்களும் போர் விமானங்களும் காத்திருந்தன. எனவே, சயாமையும் பர்மாவையும் தரைவழியாக இணைக்க ஜப்பானிய இராணுவம் முடிவு செய்தது. சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. பர்மா என்பது இன்றைய மியன்மார்.

சயாமின் பான் போங் நகருக்கு அருகிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் நகர் வரை பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். இடையில் அடர்ந்த காடு, செங்குத்தான மலைகள், மழைக்காலத்தில் கரைபுரண்டு ஓடும் ஆறுகள். இந்த வழியில் பாதை அமைக்க முடியுமா என்று போருக்கு முன்னரே ஆங்கிலேயர் ஆராய்ந்து, அது மிகவும் கடினம் என்று கைவிட்டிருந்தனர். ஜப்பானியரோ ஓராண்டு அளவில் முடித்தாக வேண்டும் என்று நாள் குறித்தனர்.

பெரிய இயந்திரங்கள் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, சம்மட்டி, மூங்கில் கூடை ஆகியவையே கருவிகள். தண்டவாளங்கள்கூடப் புதியவை அல்ல. மலாயாவின் கிழக்குக்கரை இருப்புப்பாதையில் பல நூறு கிலோமீட்டர் தொலைவுக்குத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே கொண்டு செல்லப்பட்டன. மலாயாவின் இரும்பு போன வழியிலேயே மலாயாவின் மக்களும் போனார்கள்.

தோட்டத்திலிருந்து காட்டுக்கு

முதலில் பாதை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் போர்க்கைதிகள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அங்கே உழைத்தனர். அவர்கள் போதவில்லை. எனவே பர்மா, மலாயா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து ஆசியத் தொழிலாளர்கள் திரட்டப்பட்டனர். அவர்களின் தொகை 1,80,000க்கும் அதிகம் என்று கணக்கிடப்படுகிறது. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் சென்றனர். அவர்களுள் பெரும்பான்மையினர் தமிழர்கள்.

ஏன் தமிழர்கள்? அதற்கான காரணம் ரப்பர் தோட்டங்களில் இருந்தது. மலாயாவின் ரப்பர், போருக்கு முன் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியானது. ஜப்பானியர் வந்ததும் அந்தச் சந்தை அடைபட்டது. தோட்டத்துத் துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். பால்மரங்களை வெட்ட ஆள் தேவைப்படவில்லை. மாதச் சம்பளம் நின்றது. அரிசி கிடைப்பது அரிதாயிற்று. லயங்களில் வாழ்ந்த மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தனர். கட்டத் துணியின்றிச் சாக்கைச் சுற்றிக்கொண்டவர்களும் உண்டு.

அந்த வேளையில்தான் ஆள் சேர்ப்பவர்கள் வந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு உண்டு, தங்க இடம் உண்டு, மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். பசித்திருந்தவர்களுள் பலர் அதை நம்பிப் பெயர் கொடுத்தனர். கணவனோடு மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து போன குடும்பங்களும் இருந்தன.

போனவர்களிடமிருந்து செய்தி வரவில்லை. மூன்று மாதம் கடந்தும் எவரும் திரும்பவில்லை. மக்கள் அஞ்சத் தொடங்கினார்கள். பெயர் கொடுப்போர் குறைந்தனர். அதன்பிறகு ஆசைக்குப் பதிலாக அடக்குமுறை வந்தது. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேரை அனுப்ப வேண்டும் என்று கட்டளை பிறந்தது. இலவசமாகத் திரைப்படம் காட்டுவதாக அழைத்து, கதவை அடைத்து, வந்தவர்களை அப்படியே இரயிலில் ஏற்றினார்கள் என்று உயிர் தப்பியவர்கள் பின்னாளில் கூறியுள்ளனர். சாலையில் நடந்துபோனவரும் பிடிபட்டார். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட அவகாசம் இல்லை.

கூண்டுபோன்ற சரக்குப் பெட்டிகளில் அவர்களை நெருக்கி அடைத்தனர். பகலில் இரும்புச் சுவர் கொதித்தது. உட்காரவும் இடமின்றி, போதிய தண்ணீரின்றிப் பல நாள் பயணம். மலாயாவின் மேற்குக்கரைப் பாதையில் வடக்கே சென்ற அந்த இரயில்கள், பினாங்குத் தீவுக்கு எதிரே உள்ள செபராங் பிறையையும் கெடாவையும் கடந்து, பாடாங் பெசார் வழியாகச் சயாமுக்குள் நுழைந்தன. பான் போங்கில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டு முகாம்களுக்குப் பல நாள் நடக்க வேண்டியிருந்தது.

நான்கு மீட்டருக்கு ஓர் உயிர்

மூங்கிலாலும் ஓலையாலும் கட்டிய நீண்ட கொட்டகைகளே முகாம்கள். கூரை ஒழுகும், தரை சேறாகும். காலை இருட்டில் எழுந்து வேலைக்குப் போனால், இருட்டிய பிறகே திரும்ப முடியும். மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மலையைக் குடைந்தார்கள். மண்ணைச் சுமந்து மேடு அமைத்தார்கள். ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று பாலத்துக்கான மரத்தூண்களை நட்டார்கள். பாதை நெடுகிலும் 600க்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டப்பட்டன.

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலையை இன்னும் விரைவாக முடிக்க மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வேலை நேரம் நீண்டது. அடியும் உதையும் கூடின. அதே வேளையில் பருவமழையும் கொட்டத் தொடங்கியது. வண்டிகள் சேற்றில் சிக்கின. மேல்முகாம்களுக்கு அரிசி போய்ச் சேரவில்லை. அம்மழையோடு காலரா நோயும் வந்தது. வாந்தியும் பேதியுமாக ஒருவர் காலையில் படுத்தால், மாலைக்குள் உயிர் போய்விடும். ஒரே கொட்டகையில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்தனர். மலேரியா, வயிற்றுப்போக்கு, கால்களில் சதையை அரித்துத் தின்னும் புண் ஆகியவையும் பலரைக் கொன்றன.

1943 அக்டோபர் 17ஆம் நாள், சயாமிலிருந்து வந்த பாதையும் பர்மாவிலிருந்து வந்த பாதையும் கொன்கொய்தா என்னும் இடத்தில் ஒன்றாக இணைந்தன. ஏறக்குறைய ஓராண்டில் 415 கிலோமீட்டர் பாதை முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை என்ன?

போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றவர்களுள் மட்டும் ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர் என்று போருக்குப் பிந்தைய கணக்கு கூறுகிறது. உண்மைத் தொகை அதைவிட அதிகம் என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. மொத்தம் 1,00,000 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொண்டு, பாதையின் நீளத்தை அத்தொகையால் வகுத்துப் பார்க்கலாம். நான்கு மீட்டர் பாதைக்கு ஓர் உயிர் என்று விடை வரும். ஒரு வகுப்பறையின் நீளத்துக்குள் இரண்டு மனிதர்கள்.

பட்டியல் இல்லாதவர்கள்

போர் முடிந்தது. 1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பினாங்கில் கரையிறங்கினர். ஆறு நாள் கழித்துச் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் தரையிறங்கு படகுகள் படைகளை இறக்கின. படகில் வந்த போர், படகு வருகையோடு முடிந்தது.

அதே செப்டம்பர் மாதத்தில் ஒரு தேடுதல் குழு மரண இரயில் பாதை நெடுகப் பயணம் செய்தது. இறந்த போர்க்கைதிகளின் கல்லறைகளைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்வதே அதன் வேலை. பின்னர் அந்த உடல்களின் எச்சங்கள் எடுத்துவரப்பட்டு, மூன்று பெரிய கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி நகரில் இருக்கிறது. அங்கு மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. புல்வெளி நேர்த்தியாக வெட்டப்பட்டிருக்கும். கல்லறைகளில் பெயர், வயது, படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். தொலைவிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் தம் தாத்தாவின் கல்லைத் தேடிக் கண்டுபிடித்து மலர் வைப்பார்கள்.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு கல் கிடைக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, பட்டியல். ஒரு படைவீரருக்கு எண் உண்டு. அவர் இறந்தால் அதிகாரி குறித்துக்கொள்வார். கைதிகள் நாட்குறிப்புகளை மூங்கிலுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். தொழிலாளர்களிடையே அத்தகைய அதிகாரி இல்லை, பதிவேடு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. பிடித்துச் செல்லப்பட்டவரின் பெயரையே பல இடங்களில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டாவது, மருத்துவம். கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். மருந்து இல்லாதபோதும் முகாமைத் தூய்மையாக வைக்கவும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும் அவர்கள் கற்பித்தனர். தொழிலாளர் முகாம்களில் அப்படி வழிகாட்ட ஆள் இல்லை. 1943ஆம் ஆண்டின் நடுவில்தான் கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்கள் தொழிலாளர்களுக்கென அனுப்பப்பட்டன. அதற்குள் காலரா பரவியிருந்தது.

மூன்றாவது, அடக்கம். காலராவில் இறந்தவர்களைக் குவித்து எரித்தார்கள்; அல்லது ஒரே குழியில் புதைத்தார்கள். சிலுவையோ கல்லோ நடப்படவில்லை. காடு மீண்டும் வளர்ந்து அந்த இடங்களை மூடியது. 1990ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது, நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவர்களுள் எவருடைய பெயரும் எவருக்கும் தெரியாது.

நான்காவது, கதை. 1957ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலத் திரைப்படம், குவாய் ஆற்றுப் பாலத்தை உலகெங்கும் புகழ்பெறச் செய்தது. அக்கதையின் மையத்தில் இருந்தவர்கள் பிரிட்டிஷ் கைதிகள். ஆசியத் தொழிலாளர்களின் கதையை அந்தப் படம் சொல்லவில்லை. உலகம் பாலத்தை நினைவில் வைத்தது. அதைச் சுற்றி மாண்ட பெருங்கூட்டத்தை மறந்தது.

உயிரோடு திரும்பியவர்களின் நிலையும் எளிதன்று. வீடு திரும்பியபோது சிலரை அவர்களின் சொந்தப் பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியவில்லை. திரும்பாதவர்களின் மனைவியரோ, கணவன் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாமலேயே ஆண்டுகளைக் கழித்தனர். பொட்டு வைப்பதா, அழிப்பதா என்பதே அவர்களுக்குப் பெரும் கேள்வியாக இருந்தது. இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கவும் வழியில்லை.

கல் நட்டவர்கள்

நெடுங்காலம் இந்த வரலாறு தோட்டத்து லயங்களில், பாட்டிமார்களின் பேச்சில் மட்டுமே வாழ்ந்தது. பிறகு எழுத்தாளர்கள் அதைக் கையில் எடுத்தனர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை எழுதினார். அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்னும் நாவலை எழுதினார். சீ. அருண் போன்ற ஆய்வாளர்கள், உயிரோடு இருந்த முதியவர்களைத் தேடிச் சென்று அவர்களின் வாய்மொழிகளைத் தொகுத்தனர். மரண இரயில் ஆர்வலர் குழு போன்ற அமைப்புகள், தொழிலாளர்களுக்கு உரிய அங்கீகாரம் கிடைக்கவேண்டும் என்று குரல் கொடுத்து வருகின்றன.

காஞ்சனபுரியில் தமிழ் எழுத்து இதற்கு முன்பும் இருந்தது என்பது வியப்பான செய்தி. 1944ஆம் ஆண்டில் ஜப்பானிய இராணுவமே பாதை அமைப்பில் இறந்தோருக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் கட்டியது. அதில் பல மொழிகளில் வாசகங்கள் உள்ளன. தமிழும் அவற்றுள் ஒன்று. தொழிலாளர்களைக் கொண்டு சென்றவர்களே எழுப்பிய கல் அது. தம் மக்களுக்குத் தமிழர் தாமே நட்ட கல் அங்கே வருவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின.

2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள், தொழிலாளர் தினத்தன்று, காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரையின் வளாகத்தில் அந்த நடுகல் திறந்துவைக்கப்பட்டது. தொழிலாளர்களின் எச்சங்கள் அடக்கம் செய்யப்பட்ட இடம் அது. மலேசியத் தமிழரும் தாய்லாந்துத் தமிழரும் கூடி அதைச் செய்து முடித்தனர். தமிழ்நாட்டு அரசும் நிதி வழங்கியது.

நடுகல் என்பது தமிழரின் மிகப் பழைய மரபு. ஆநிரையை மீட்கப் போரிட்டு மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதி வழிபடுவது சங்க கால வழக்கம். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. தேனி மாவட்டத்தின் புலிமான்கோம்பையில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்களில் தமிழி எழுத்துகளைக் காணலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மாடு மீட்டு மாண்ட ஒருவனின் நினைவு இன்றும் நம்மை வந்தடைகிறது. எண்பது ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஆயிரக்கணக்கானோரின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

வாளேந்தி இறந்தவனுக்கு நட்ட கல்லை, மண்வெட்டி ஏந்தி இறந்தவர்களுக்கு நட்டது காஞ்சனபுரியில் நிகழ்ந்த மாற்றம். அவர்கள் விரும்பிப் போருக்குப் போனவர்கள் அல்லர். எந்த நாட்டின் வெற்றிக்காகவும் உயிர்கொடுக்க முன்வந்தவர்கள் அல்லர். அவர்கள் கட்டிய பாதை அவர்களை அடிமைப்படுத்தியவர்களுக்கே பயன்பட்டது. ஆகவே, அவர்களை நினைப்பது பாதையைப் புகழ்வதாகாது. ஏமாற்றப்பட்டும் அடிக்கப்பட்டும் இறந்தவர்கள் மனிதர்கள், அவர்களுக்கும் பெயரும் குடும்பமும் இருந்தன என்பதை ஒப்புக்கொள்வதே ஆகும்.

இன்னும் ஓடும் இரயில்

போருக்குப் பின் பாதையின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. தாய்லாந்தில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவுக்கு, நாம் தோக் என்னும் ஊர் வரை, இன்றும் இரயில் ஓடுகிறது. மலைச்சரிவை ஒட்டி, ஆற்றின்மேல் நிற்கும் பழைய மரப்பாலத்தில் அது மெல்ல ஊர்ந்து செல்லும். சுற்றுலாப் பயணிகள் சன்னல் வழியே தலையை நீட்டிப் படம் எடுப்பார்கள். அந்தப் பயணிகளுள் மலேசியாவிலிருந்து செல்லும் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. சிலர் ஒரு பிடி மண்ணை எடுத்து வருகிறார்கள். சிலர் ஆற்றில் மலர் தூவி, என்றோ செய்திருக்க வேண்டிய கடனைச் செய்கிறார்கள்.

உயிர் தப்பியவர்களுள் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. ஆயினும், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே வாழ்கிறார்கள். பினாங்கிலும் கெடாவிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் உள்ள பல வீடுகளில், “தாத்தாவின் அண்ணன் சயாமுக்குப் போனார், திரும்பவில்லை” என்னும் ஒரு வரி இன்னும் சொல்லப்படுகிறது. அந்த ஒரு வரியோடு அவர் பெயரும், தோட்டத்தின் பெயரும், போன ஆண்டும் சேர்த்து எழுதி வைக்கப்பட்டால், பட்டியலில் ஒருவர் கூடுவார். பாட்டி மறைந்த பிறகு அதைக் கேட்க ஆள் இருக்காது.

ஜார்ஜ்டவுன் நினைவுத்தூணில் மரண இரயிலின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதைப் போட்டவர்களின் பெயர்கள் இன்னும் வீடுகளில்தான் இருக்கின்றன.

அருஞ்சொற்பொருள்

அங்கீகாரம் – ஒருவரின் பங்கை முறையாக ஏற்றுக்கொள்ளுதல்
ஆநிரை – பசுக்கூட்டம்
இருப்புப்பாதை – இரயில் ஓடும் தண்டவாளப் பாதை
எச்சங்கள் – எஞ்சியிருப்பவை, இங்கு, எலும்புகள்
திதி – இறந்தோருக்கு ஆண்டுதோறும் செய்யும் சடங்கு
நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே உள்ள குறுகிய கடல்
லயம் – தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு
வாய்மொழி – எழுதப்படாமல் பேச்சால் கூறப்படும் செய்தி

கருத்துணர் வினாக்கள்

1. ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கும் இருப்புப்பாதை ஒன்றை அமைக்க முடிவு செய்ததன் காரணம் என்ன?
2. தோட்டத் தொழிலாளர்கள் ஆள் சேர்ப்பவர்களின் பேச்சை எளிதில் நம்பியதற்கு அக்காலச் சூழல் எவ்வாறு காரணமாயிற்று?
3. போர்க்கைதிகளின் நினைவு காக்கப்பட்டதற்கும் தொழிலாளர்களின் நினைவு மறைந்ததற்கும் உள்ள காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
4. நியூ ஓர்லியன்சில் படகு கட்டியவர்களுக்கும் சயாமில் பாதை போட்டவர்களுக்கும் இடையே நீ காணும் வேறுபாடுகள் யாவை?
5. ‘வாளேந்தி இறந்தவனுக்கு நட்ட கல்லை, மண்வெட்டி ஏந்தி இறந்தவர்களுக்கு நட்டது.’ இத்தொடரின் கருத்தை விளக்குக.

நடவடிக்கை

உன் குடும்பத்திலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரைச் சந்தித்து, ஜப்பானியர் காலம் பற்றி அவர் கேட்டறிந்த செய்திகளைத் திரட்டுக. ஆட்களின் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைத் தவறாமல் குறித்துக்கொள்க. திரட்டிய செய்திகளை அவருடைய அனுமதியோடு வகுப்பில் படைத்திடுக.